கஜா புயல்: பட்டியலை உரக்க வாசித்த நாள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த சில நாட்களில், நண்பர்கள் சேர்ந்து திரட்டிய அரிசி, தார்ப்பாய், கொசுவர்த்தி, மெழுகுவத்தி ஆகியவற்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் நோக்கிச் சென்றோம். வழியில் சாலையோர ஊர்க்காரர்கள், சாய்ந்து கிடந்த தென்னை மரத்தைச் சாலையின் குறுக்கே இழுத்துப் போட்டு வண்டியை நிறுத்தினார்கள். அரை மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் வீட்டிலும் கூரை இல்லை. ஆனால் உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை என்பது திரும்பும்போதுதான் உறைத்தது.

இரண்டாம் முறை, சரக்கு இல்லாமல் இருவர் மட்டும் முதல் நாளே பைக்கில் உட்புறக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். குடும்ப அட்டையை மட்டும் நம்பியிருந்தால் தவறியிருப்போம். ஒரே அட்டையில் இரண்டு அடுப்பு எரியும் வீடுகள் இருந்தன. கணவரை இழந்து தாய்வீடு திரும்பிய பெண்களின் பெயர் வேறு ஊர் அட்டையில் இருந்தது. இதையெல்லாம் அறிந்தவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர்தாம். சேமிப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அடுப்பு வாரியாக எழுதித் தந்தார்கள்: 130 அடுப்புகள். எங்களிடம் இருந்த தார்ப்பாய்களோ 90.

பாயை இரண்டாக வெட்டிக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். வெட்டினால் இரண்டு வீடும் நனையும் என்று பெண்கள் மறுத்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் குழுத் தலைவி பட்டியலை உரக்க வாசிக்க, கூரை முழுதும் போனதா, ஓடு சரிந்ததா, மாடி வீடா என்று ஒவ்வொரு பெயருக்கும் ஊரே பதில் சொன்னது. வேறோர் இடத்தில் மறைவாக எழுதிய டோக்கன் பட்டியல் கைகலப்பில் முடிந்ததைப் பார்த்திருந்த எனக்கு, ஆட்சேபம் எழுந்த இடத்திலேயே தீர்ந்தது பெரும் நிம்மதியைத் தந்தது. மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் விடுபட்ட மூதாட்டி ஒருவரின் பெயரை, வரப்புத் தகராறில் அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்தான் எழுந்து நின்று சேர்க்கச் சொன்னார்.

நாங்கள் மூட்டையாகக் கொண்டுபோன பழந்துணிகளை யாரும் தொடவில்லை. துண்டு, நைட்டி, நாப்கின் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று ஓர் அக்கா தனியே அழைத்துக் கேட்டபோது, புறப்படும் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று வெட்கப்பட்டேன்.

பாய் கிடைக்காத 41 பெயர்களைத் தலைவி தனிப் பக்கத்தில் எழுதி வைத்தார். நான்கு நாள் கழித்து அடுத்த வண்டி போனபோது, அந்தப் பக்கத்திலிருந்தே வாசிக்கத் தொடங்கினார்.