அந்தக் கழுத்து மாலையில் ஒரு மணி மட்டும் மங்கலாக இருந்தது

மழைக்காலம்:
ஸ்காட்லாந்தின் எடின்பரோ தேசிய மியூசியம், வெண்கலக் கால ஜெட் மாலைகள் உள்ள பெட்டி. ஜெட் என்பது பழங்கால மரம் மண்ணில் புதைந்து இறுகிய கறுப்புப் பொருள். போனவர்களுக்குத் தெரியும், பிறை மாதிரி கழுத்தைச் சுற்றி விரியும், நடுநடுவே புள்ளி குத்திய தகடுகள். மூன்று வாரமாக அதில் ஒரே ஒரு மணி என்னை விடவில்லை. மற்றதெல்லாம் நேற்று மெருகேற்றியது போல மின்ன, அது மட்டும் மங்கி, லேசாக வெடித்திருந்தது. பக்கத்து மணிகளில் நூல் உரசி உரசித் துளையே ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அந்த மாலைக்காரி எத்தனை வருஷம் போட்டிருப்பாள்! தொலைந்த மணிக்குப் பதில் கிடைத்த கறுப்புக் கல்லைச் செதுக்கிக் கோத்திருக்கிறார்கள். அவள் அம்மாவும் அதைப் போட்டிருந்தாளோ என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 4,000 வருஷத்துக்கு முந்தைய துக்கம், எனக்கு வலிக்கிறது.

கல்வெட்டுக்காரன்:
மழைக்காலம் அக்கா, துக்கம் எங்கே வந்தது? கறுப்பு நகை என்றாலே துக்கம் என்பது 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்து விக்டோரியா ராணி ஜெட் அணிந்த பிறகு ஊறிப்போன எண்ணம். அந்த மாலைகளின் வடிவம் தங்கப் பிறைக் காறையை ஒட்டியது. ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவள் போட்டது. கல்லறையில் கிடைத்ததால் சாவு நகை ஆகிவிடுமா? துளை தேய்ந்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உயிரோடு இருந்தபோதே போட்டது என்றுதானே அர்த்தம்.

அலைவாய்:
இரண்டு பேரும் ஜெட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் எனக்கு விரல்நகம் அளவு ஒன்று கிடைத்தது. கல் மாதிரி சில்லிடாது, கனமும் இல்லை. கம்பளிச் சட்டையில் தேய்த்து மகள் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், நாலு முடி எழுந்து வந்து ஒட்டியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மின்சாரம் தெரியாத காலத்தில் இதைப் பார்த்தவள் சாதாரணக் கல் என்றா நினைத்திருப்பாள்? தீங்கு அண்டாமல் காக்கும் காப்பு என்றுதான் கட்டியிருப்பாள் என்பது என் எண்ணம்.

பொறுக்கப் போகிறவர்களுக்கு: மெருகில்லாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பாருங்கள், பழுப்புக் கோடு விழுந்தால் ஜெட், கறுப்பு என்றால் நிலக்கரி. ஊசியைச் சுட வைத்துக் குத்தச் சொல்வார்கள், வேண்டாம், கிடைத்த துண்டு கெட்டுவிடும். பாறைச் சரிவின் அடியில் நிற்கவே நிற்காதீர்கள், சரியும். பாறையைக் கொத்தவும் வேண்டாம், அலை ஒதுக்கியதே போதும். ஓதம் ஏறும் நேரத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, நீர் வற்றும்போது இறங்குங்கள். குழந்தைகளோடு போனால் பாதி நேரத்திலேயே திரும்பிவிடுங்கள், அந்தக் கரையில் தண்ணீர் பின்பக்கமாக வந்து வழியை அடைத்துவிடும்.