எங்கட வீடு (குடும்பக் குழு): அம்மம்மாவின் திருச்சிப் பயணம்

பெரியம்மா வவுனியா: பிள்ளைகள், அம்மம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போவது தையிலா மாசியிலா? தங்கச்சி நேற்றும் எடுத்துக் கேட்டவள்.

சின்னமாமா பரந்தன்: மாசி. அரிவி வெட்டு முடியட்டும். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு நான் வான் பிடிக்கிறேன்.

தம்பி கிளிநொச்சி: ஏன் மாமா கட்டுநாயக்கா? யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டில் இருந்தே திருச்சிக்கு இண்டிகோ விமானம் விடத் தொடங்கிவிட்டார்களே, 2025 மார்ச் 30இல்.

சின்னமாமா பரந்தன்: பறக்க எவ்வளவு நேரம்?

தம்பி கிளிநொச்சி: ஒரு மணித்தியாலம் அளவில்.

சின்னமாமா பரந்தன்: கட்டுநாயக்காவில் இருந்தும் அவ்வளவுதானே. அது பெரிய பிளேனும்கூட. பிறகு என்ன லாபம்?

தம்பி கிளிநொச்சி: லாபம் வானத்தில் இல்லை மாமா, றோட்டில். நேர்கோட்டில் பார்த்தால் பலாலி–திருச்சி 185 கிலோமீற்றர் வரும். பாக்கு நீரிணையைத் தாண்டி அதிராம்பட்டினம் பக்கமாகக் கரை ஏறும் கோடு. கட்டுநாயக்கா–திருச்சி 420க்குக் கிட்ட. ஆனால் பலாலிக்கு வருவது ஏடிஆர், காற்றாடி விமானம், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் போகும். அங்கே ஜெட், 800ஐத் தாண்டும். அதனால் இரண்டு நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது.

அக்கா முல்லைத்தீவு: 185ஐ 500ஆல் பிரித்தால் 22 நிமிசம்தானே வருகிறது?

தம்பி கிளிநொச்சி: அது முழுவேகத்தில் பறந்தால் வருகிற கணக்கு அக்கா. டிக்கெட்டில் போடுவது நிற்கிற இடத்தில் இருந்து வெளிக்கிட்டு, போய் நிற்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்க வரிசை கிடைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தியாவுக்கும் நமக்கும் மணி ஒன்று, அதில் கூட்டிக் கழிக்க ஒன்றும் இல்லை.

தம்பி கிளிநொச்சி: பரந்தனில் இருந்து பலாலி இரண்டு மணித்தியாலத்துக்குள். கட்டுநாயக்கா 300 கிலோமீற்றருக்கு மேல், ஏழு மணித்தியாலம் வைக்க வேணும். அம்மம்மாவின் முழங்காலை யோசியுங்கோ. வவுனியா வரைக்கும் போய் வந்தாலே வீங்கிவிடுகிறது.

சித்தி திருச்சி: அம்மாவை இரவிரவாக வானுக்குள் இருத்தி றோட்டில் கொண்டுபோகாதேங்கோ. நாங்கள் 90இல் பேசாலையில் இருந்து படகில் வந்த கடல். அவ அதைப் பகலில் ஒருதரம் பார்த்துக்கொண்டு வரட்டும்.

தம்பி கிளிநொச்சி: பார்க்கலாம் சித்தி. ஏடிஆரில் இறக்கை யன்னலுக்கு மேலே இருக்கும், கீழே மறைக்காது.

பெரியம்மா வவுனியா: படி ஏறுவாவா?

தம்பி கிளிநொச்சி: உயரமான படி இல்லை. பின்பக்கக் கதவே கீழே மடிந்து ஆறேழு சின்னப் படியாக நிற்கும். ஆனால் பலாலியில் விமானம் வரைக்கும் நடக்க வேணும். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுகிறேன்.

அக்கா முல்லைத்தீவு: அப்ப நாங்கள் புதுக்குடியிருப்பு றோட்டால் பரந்தனுக்கு வந்து ஏறிக்கொள்கிறோம்.

பெரியம்மா வவுனியா: எனக்கு?

தம்பி கிளிநொச்சி: உங்களுக்கும் பலாலிதான் கிட்ட பெரியம்மா, 160 கிலோமீற்றர் அளவில். முதல் நாள் எங்கள் வீட்டில் வந்து படுங்கோ.

சின்னமாமா பரந்தன்: சரி, பலாலி. விசா?

தம்பி கிளிநொச்சி: யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, நான் விசாரிக்கிறேன். சேவை எந்தெந்த நாள் என்பதையும் பார்த்துத்தான் திகதி வைப்போம். முதலில் அம்மம்மாவின் பாஸ்போர்ட் எப்ப முடிகிறது என்று பாருங்கோ. ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேணும்.

பெரியம்மா வவுனியா: அது என்னட்ட அலுமாரிக்குள். விளக்கு வைத்துவிட்டு எடுத்துப் படம் அனுப்புகிறேன்.