மோட்டார் ரூமில் பூச்சி மருந்து கொட்டிவிட்டது, தண்ணீர் விட்டுக் கழுவலாமா? அவசரம்

வாய்க்கால்மேடு, காலை 7.10
பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழே எங்கள் தோட்டம். கறையானுக்கு வாங்கி வைத்திருந்த குளோர்பைரிபாஸ் 20 ஈசி, ஐந்து லிட்டர் கேன், மோட்டார் ரூம் பரணில் இருந்தது. எலி உருட்டிவிட்டதோ என்னவோ, கீழே விழுந்து மூலை வெடித்துக் கிடக்கிறது. பாதிக்கு மேல் தரையில். சிமெண்ட் தரைதான், ஆனால் வாசல் பக்கம் சரிவு. வாசலைத் தாண்டினால் கிணறு. மண்ணெண்ணெயும் பூண்டும் கலந்த மாதிரி நெடி, மூக்கைத் துளைக்கிறது. மாமனார் "ஹோஸைப் போட்டு அடிச்சு விட்டா வாழைக்குப் போயிரும்" என்று நிற்கிறார். வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். என்ன செய்வது, சீக்கிரம் சொல்லுங்க.

உரக்கடைக்காரன், 7.14
தண்ணீர் மட்டும் ஊற்றாதீங்க அம்மிணி. ஈசி மருந்து தண்ணீரில் கலப்பதற்கென்றே செய்தது, டேங்கில் ஊற்றினதும் பால் மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீங்க. இப்போது தரையில் கெட்டியாக ஒரே இடத்தில் கிடக்கிறது. ஹோஸ் போட்டால் அத்தனையும் பாலாகி, சரிவில் ஓடி நேராகக் கிணற்றுக்குத்தான் போகும். முதலில் எல்லாரும் வெளியே வந்து காற்று வரும் திசையில் தள்ளி நில்லுங்க. கோழியைப் பிடித்து அடைத்துவிடுங்க, நாயைக் கட்டுங்க. அப்புறம் ஒரு கேள்வி: ஸ்டார்ட்டர் ஆட்டோவில் இருக்கிறதா?

வாய்க்கால்மேடு, 7.19
ஆமாங்க, ஆட்டோவில்தான். ஒன்பது மணிக்கு மூணு பேஸ் கரண்ட் வரும், வந்ததும் மோட்டார் தானாக ஓடும். மாமா உள்ளே போய் மெயினை அமத்திவிட்டு வருகிறேன் என்கிறார்.

உரக்கடைக்காரன், 7.21
போக வேண்டாம்னு சொல்லுங்க! சுவிட்சைப் போட்டாலும் பொறிதான், அமத்தினாலும் பொறிதான். இந்த மருந்தைக் கரைத்திருப்பது சைலீன், நாப்தா மாதிரிச் சமாச்சாரத்தில். சைலீனாக இருந்தால் 27 டிகிரி வாக்கிலேயே அதன் ஆவி பொறி பட்டால் பற்றும். தகரக் கூரை ரூமுக்கு வெயில் ஏறினால் அதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்து வாசல் வழியாக வெளியே வரும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிற சுவிட்ச், காண்டாக்டர், 'டக்'கென்று அடித்தால் போதும், பொறி வரும். லைன்மேனைக் கூப்பிட்டுக் கம்பத்திலேயே பியூஸை எடுக்கச் சொல்லுங்க. கிடைக்காவிட்டால் மின்வாரியப் புகார் மையம் மின்னகம், 94987 94987. போன் போட்டு மோட்டாரை ஓட்டுகிற மொபைல் ஸ்டார்ட்டர் என்றால் அந்த நம்பருக்குப் போன் போடவே கூடாது, வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்க. மாமனார் பீடி பிடிப்பவரா?

வாய்க்கால்மேடு, 7.23
பிடிப்பார். வாங்கி வைத்துவிட்டேன். 😬 லைன்மேன் ஊருக்குள்தான் இருக்கிறார், வருகிறாராம்.

பொள்ளாச்சித் தென்னை, 7.30
எங்க ஊரில் மஞ்சித்தூள்தான், தேங்காய் நார்த்தூள், போடுவோம், ஒரு மூட்டை கொட்டினால் சொட்டு விடாமல் உறிஞ்சிவிடும். இல்லையென்றால் சுண்ணாம்பைக் கொட்டுங்க. சுண்ணாம்பு பட்டால் இந்த மருந்து முறியும்.

உரக்கடைக்காரன், 7.34
தென்னை அண்ணா, உறிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் தீப்பிடிக்கிற மருந்தில் ஊறிய மஞ்சி எரிய வைக்கத் தோதான திரி. மரத்தூளும் அப்படித்தான். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், அடியில் ஒரு கங்கு இருந்தால் போச்சு.
சுண்ணாம்பு விஷயம் பாதி உண்மை. காரம் பட்டால் குளோர்பைரிபாஸ் சிதையும், ஆனால் மெதுவாக. கல் சுண்ணாம்பை ஈரத்தில் போட்டால் எப்படிக் கொதிக்கும் என்று வெள்ளையடித்த எல்லாருக்கும் தெரியும். அந்தச் சூட்டை இதன் மேலே போடுவதா? பிளீச்சிங் பவுடரும் ஆகாது, கரைப்பானோடு சேர்ந்தால் அதுவே சூடாகிப் பற்றலாம்.
காய்ந்த மண்ணோ மணலோ போதும். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

வாய்க்கால்மேடு, 7.52
லைன்மேன் பியூஸை எடுத்துவிட்டார். கதவும் சன்னலும் திறந்தே இருக்கின்றன. வாசலுக்கு வெளியே மண்ணைக் கொட்டி வரப்பு மாதிரி கட்டியாச்சு, மருந்து இன்னும் படியைத் தாண்டவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மருந்தடிக்கிற ரப்பர் பூட்ஸும் பச்சைக் கையுறையும் கொண்டு வந்திருக்கிறார். துணி மாஸ்க்தான் இருக்கிறது.

உரக்கடைக்காரன், 8.01
வரப்புக் கட்டினது நல்ல காரியம். பச்சைக் கையுறை நைட்ரைல் ரப்பராக இருந்தால் நல்லது, பார்த்துக்கொள்ளுங்க. துணியும் தோலும் வேண்டாம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, மூன்றடுக்கு மாஸ்க்கும் தடுக்காது. அதனால் நெடி நன்றாக இறங்கும்வரை பொறுங்க, அவசரம் ஒன்றும் இல்லை, வரப்பு தாங்கும். ஃபேன் போட்டுக் காற்றை விரட்டலாம் என்று தோன்றும், போடாதீங்க.
நெடி தணிந்த பிறகு அண்ணன் முழுக்கைச் சட்டையோடு வாசலில் நின்றபடியே காய்ந்த மண்ணை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தூவட்டும். இன்னொருவர் வெளியே நின்று பார்த்துக்கொள்ளணும். மண் மருந்தைக் குடித்து அப்பம் மாதிரி ஆனதும் பிளாஸ்டிக் முறத்தில் வாரி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போடுங்க. இரும்பு மம்பட்டி சிமெண்டில் உரசக் கூடாது. மறுபடி மண், மறுபடி வாரல். உடைந்த கேன், முறம், விளக்குமாறு எல்லாம் அதே டிரம்முக்குள். முறம் போகிறதே என்று மாமனார் வருத்தப்படுவார், போகட்டும்.
கடைசியாகச் சலவை சோடாவும் சோப்புத்தூளும் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தேய்த்து, அந்தக் குழம்பையும் மண் போட்டு வாருங்க. சிமெண்ட் மருந்தைக் குடித்திருக்கும், இரண்டு மூன்று தடவை செய்தால்தான் நெடி விடும்.
நடுவில் எங்கேயாவது கை மீறுகிற மாதிரி இருந்தாலோ, கிணற்றுப் பக்கம் ஓடினாலோ, யோசிக்காமல் 112க்குக் கூப்பிட்டுத் தீயணைப்பை வரச் சொல்லுங்க.

வாய்க்கால்மேடு, 8.05
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காலையில் முதலில் பார்த்தது மாமாதான், செருப்போடு அதிலேயே மிதித்திருக்கிறார். கால் லேசாக எரிகிறதாம். வேறு ஒன்றும் இல்லை என்கிறார்.

இரவு ட்யூட்டி நர்ஸ், 8.08
இதை முதலிலேயே சொல்லியிருக்கணும் அக்கா! இப்பவே செருப்பு, வேட்டி எல்லாம் கழற்றச் சொல்லி, சோப்புப் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்க. கால்மணி நேரம் குறையாமல், நக இடுக்கு விரலிடுக்கு உட்பட. கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். தோல் செருப்பா? அப்படியென்றால் அதுவும் டிரம்முக்குத்தான், எவ்வளவு கழுவினாலும் தோலிலிருந்து மருந்து போகாது. தேங்காய் எண்ணெய் தடவாதீங்க.
கழுவினதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பெருந்துறை அரசு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போய்விடுங்க. ஒன்றும் இல்லை என்று சொல்கிறார் என்பதற்காக விடாதீங்க. இந்த மருந்து உடம்புக்குள் போய் மாறினபிறகுதான் முழு வேகம் காட்டும், தோல் வழியாகப் போனால் ராத்திரிக்குக்கூடத் தெரியலாம். எச்சில் ஊறுவது, கண்ணில் நீர், வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, கண்மணி குண்டூசித் தலை மாதிரிச் சுருங்குவது, சதை துடிப்பது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் 108. கேனில் உள்ள லேபிளைப் போட்டோ எடுத்துக் கொண்டுபோங்க. டாக்டர் மாற்று மருந்தான அட்ரோபின் போடுவதா என்று முடிவு செய்ய அந்தப் பேர் வேணும்.
யாராவது தப்பித்தவறி விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. கரைப்பான் நுரையீரலுக்குப் போனால் அது வேறு ஆபத்து. சந்தேகம் கேட்க டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையம் 1800 116 117, ராத்திரி பகல் எப்பவும்.

வாய்க்கால்மேடு, மதியம் 1.40
மாமாவை ஆஸ்பத்திரியில் இருத்திப் பார்க்கிறார்கள், கண்மணி சரியாக இருக்கிறதாம், ராத்திரி வரை இருக்கச் சொன்னார்கள். "ஒரு செருப்புக்கு இவ்வளவு கூத்தா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரூம் மூன்று தடவை மண் போட்டு வாரியாச்சு. நெடி நின்றுவிட்டது. டிரம்மை என்ன செய்ய? வாய்க்கால் கரையில் குழி வெட்டிப் புதைக்கலாமா? பியூஸை எப்போது போடச் சொல்வது?

உரக்கடைக்காரன், 2.15
புதைக்காதீங்க. உங்க பக்கத்துக் கிணறெல்லாம் வாய்க்கால் கசிவுத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது, கரையில் புதைத்தால் அதே தண்ணீரில் திரும்பி வரும். எரிக்கவும் கூடாது, புகையும் விஷம். டிரம்மை இறுக மூடி, "விஷ மண், தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதி, பூட்டுகிற நிழலான இடத்தில் வையுங்க. உங்க வேளாண்மை உதவி அலுவலரிடம் சொன்னால் எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுச் சொல்வார். கையுறையைக் கழற்றும் முன் சோப்புப் போட்டுக் கழுவணும், அண்ணன் சட்டையைத் தனியாகத் துவைக்கணும்.
பியூஸ் நாளைக்குத்தான். ராத்திரி முழுக்கக் கதவு சன்னல் திறந்தே கிடக்கட்டும், வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிடுங்க. காலையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையை ஒட்டி நெடி வந்தால் இன்னொரு நாள் தள்ளிப்போடுங்க. வாழை ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும்.

பொள்ளாச்சித் தென்னை, 2.31
மருந்தை இனி எங்கே வைக்கப் போறீங்க? கரண்ட் இல்லாத ரூமாகப் பாருங்க, பரணில் இல்லாமல் கீழே, பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துப் பூட்டு. எங்க சாளையிலும் மோட்டாருக்கு மேலேதான் இருந்தது. இதைப் படித்துவிட்டு இப்போதுதான் இறக்கினேன்.