புதுப்பிப்பு: பிளாக்கரில் சொந்த டொமைனும் தமிழ்த் தலைப்புச் சுட்டிகளும்

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் தனி வலைப்பதிவு தொடங்கி, சொந்த டொமைனை (நீங்களே வாங்கிய இணையப் பெயரை) இணைப்பது பற்றி முன்பு எழுதிய இழையின் தொடர்ச்சி இது. வந்த கேள்விகளில் பாதிக்கும் மேல் இரண்டே விஷயங்கள்.

முதலாவது டொமைன். டொமைன் வாங்கிய தளத்தில் இரண்டு சிநேம் பதிவுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் அமைப்பு வரிகளை) சேர்க்கும்படி பிளாக்கர் கேட்கும். ஒன்று எல்லோருக்கும் பொது, மற்றது உங்கள் வலைப்பதிவுக்கு மட்டுமானது. பலர் பொதுவானதை மட்டும் போட்டுவிட்டு, பிழைச் செய்தியோடு நிற்கிறார்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாத முகவரியும் திறக்க வேண்டுமானால் நான்கு ஏ பதிவுகளும் (பெயரை எண் முகவரியோடு இணைக்கும் வரிகள்) தேவை: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. பிறகு பிளாக்கர் அமைப்புகளில் டொமைன் திருப்பிவிடலை இயக்குங்கள். மாற்றம் பரவ ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் இந்த சிநேம், ஏ பதிவுகளை அழித்து அழித்துப் போட வேண்டாம்.

இரண்டாவதுதான் தமிழில் எழுதுவோரை உண்மையிலேயே பாதிப்பது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கர் அந்த எழுத்துகளைச் சுட்டியில் (இடுகையின் இணைய முகவரியில்) சேர்க்காது. 'பிளாக்-போஸ்ட்', அதன்பின் ஓர் எண் என்று பொருளற்ற முகவரிதான் கிடைக்கும். வெளியிடுமுன் வலப்பக்கப் பட்டியில் நிரந்தர இணைப்பைத் திறந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்கள் கொடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால் பழைய சுட்டி செத்துவிடும். மற்றவர்கள் உங்களுக்குக் கொடுத்த இணைப்புகளும் அதோடு போகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால், அமைப்புகளில் தனிப்பயன் திருப்பிவிடலில் பழைய முகவரியையும் புதியதையும் சேர்த்து, 'நிரந்தரம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஓடையை (உங்கள் புதிய இடுகைகளை வாசிப்புச் செயலிகளுக்குத் தரும் ஃபீடை) அமைப்புகளில் 'முழுமை' என்றே வையுங்கள். சுருக்க ஓடையை ஓடைவாசிப்பான்களில் படிப்பவர்கள் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். பக்கப்பட்டியில் நீங்கள் படிக்கும் வலைப்பதிவுகளின் பட்டியலைச் சேர்த்து, புதிதாக எழுதியவர் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள்.