குழந்தைகள் நல ஆராய்ச்சிக்கு அரசுப் பணம்: தெரிந்ததையே செய்யவில்லை, இன்னும் என்ன ஆராய்ச்சி?

கணக்கர்

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் குழந்தைகள் ஐந்து வயதைத் தொடாமலே இறந்துபோகிறார்கள். காரணம் என்னவென்று பார்த்தால் குறைப்பிரசவம், பிரசவ நேரத்துச் சிக்கல், நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா. இதில் எது நமக்குப் புதிது? காலரா வந்தவரைக்கூட உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்க வைத்தே தேற்றலாம் என்று 1968இல் டாக்காவில் காட்டியாகிவிட்டது. கூடவே துத்தநாகமும் கொடுங்கள் என்று 2004இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் சொல்லியாகிவிட்டது. இன்றைக்கும் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட அந்தக் கரைசல் போய்ச் சேரவில்லை.

இந்த நிலையில் அரசு வரிப்பணத்தை எடுத்து மறுபடியும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவில் 2000இல் சட்டம் போட்டு, ஒரு லட்சம் குழந்தைகளைக் கருவிலிருந்து 21 வயது வரை பின்தொடர்கிறோம் என்று ஒரு பெரிய ஆய்வு ஆரம்பித்தார்கள். 100 கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு, முழு ஆய்வு தொடங்காமலேயே 2014 டிசம்பரில் மூடிவிட்டார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை செவிலியர்களை வேலைக்கு வைத்திருக்கலாம்? எத்தனை ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுத்திருக்கலாம்? பத்து வருடம் ஆராய்ச்சியை நிறுத்திவைத்து, தெரிந்ததை முதலில் செய்து முடிப்போம் என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

இரவுப்பணி

நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலி. செவிலியர் பெயரைச் சொல்லி ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்வதால் பதில் எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் வார்டில் 28 வாரத்தில் பிறந்த குழந்தை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்த அளவுதான் மொத்த உடம்பே. காலில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருப்போம், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். 91க்குக் கீழே போனாலும் மணி அடிக்கும், 95ஐத் தாண்டினாலும் மணி அடிக்கும். இரவு முழுக்க அந்த மணிக்கு எழுந்து எழுந்து ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, அதுதான் என் வேலை.

அந்த 91, அந்த 95 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1940களில் குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "தெரிந்த" விஷயம் அது! அப்படிக் கொடுத்ததில் உலகம் முழுக்க ஏறக்குறைய 10,000 குழந்தைகளுக்குக் கண் போயிற்று. 1953இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு சோதனை நடத்திய பிறகுதான் அளவுக்கு மீறிய ஆக்சிஜன்தான் காரணம் என்று உறுதியானது. உடனே எல்லோரும் பயந்துபோய் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள், அதில் வேறு குழந்தைகள் இறந்தார்கள். கடைசியில் 2005க்கு அப்புறம் பல நாடுகளில் ஐந்து சோதனைகள், கிட்டத்தட்ட 5,000 குழந்தைகள், பெரும்பாலும் அரசுப் பணத்தில். 85லிருந்து 89 வரை வைத்தால் கண் பாதிப்பு குறைகிறது, ஆனால் இறப்பு கூடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் படித்து முடித்து வேலைக்கு வந்த பிறகு மாறிய எண் இது. நீங்கள் சொல்கிற மாதிரி 2005இல் பத்து வருடம் நிறுத்தி வைத்திருந்தால், நான் இன்னும் தப்பான எண்ணுக்கு மணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கணக்கர்

நல்ல பதில், மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற இடத்துக் கதை. அது இல்லாத இடத்தில் பிறக்கிற குழந்தைக்கு 91ம் கிடையாது 95ம் கிடையாது.

இன்னொன்று. குறைப்பிரசவம் ஆகப்போகிற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹௌவி என்ற இரு மருத்துவர்கள் 1972இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அதைப் போட ஆரம்பிக்கவில்லை. 1994இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டம் போட்டு "போடுங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. 22 வருடம்! அத்தனை வருடமும் ஆய்வு முடிவு கையில்தான் இருந்தது. இதற்கு ஆராய்ச்சிப் பஞ்சமா காரணம்?

மருந்தாளர்

நான் மருந்து நிறுவனத்தில் வேலை பார்ப்பவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருமே அரசுதான் ஆராய்ச்சி நடத்த வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஏன்? அரசு வாங்கிக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தால் போதும், தனியார் ஓடி வந்து செய்வார்கள். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற கிருமிக்கான தடுப்பூசிக்கு 2009இல் அப்படித்தான் 150 கோடி டாலரைச் சில அரசுகளும் ஓர் அறக்கட்டளையும் முன்கூட்டியே ஒதுக்கின, ஏழை நாடுகளுக்கு அந்தத் தடுப்பூசி போயிற்று. குழந்தைகளிடம் மருந்தைச் சோதித்துக் காட்டினால் ஆறு மாதம் கூடுதலாகப் போட்டியில்லாத தனி விற்பனை உரிமை என்று 1997இல் அமெரிக்கச் சட்டம் வந்ததும், அதுவரை யாரும் செய்யாத சோதனைகளை எங்கள் துறை வரிசையாகச் செய்தது. ஊக்கம் கொடுங்கள், வேலை நடக்கும். அரசு ஆய்வுக்கூடம் கட்டுவதைவிட இது மலிவு.

இரவுப்பணி

செய்தீர்கள், மறுக்கவில்லை. எந்த மருந்துகளுக்குச் செய்தீர்கள்? பெரியவர்களிடம் நன்றாக விற்கிற மருந்துகளுக்கு, ஏனென்றால் ஆறு மாதக் கூடுதல் விற்பனை அதில்தான் காசு. நாங்கள் வார்டில் தினமும் கையாளும் பழைய மருந்துகளுக்குக் காப்புரிமையே இல்லை, ஆறு மாதம் கொடுத்து என்ன பயன்? 2002இல் சட்டத்தைத் திருத்தி, அந்த மருந்துகளைச் சோதிக்கிற பொறுப்பை அரசு ஆராய்ச்சி நிறுவனத்திடம் கொடுக்க வேண்டி வந்ததே இதனால்தான்.

நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் சார். பெரியவர்களுக்கான மாத்திரையை நாலாக உடைத்து, அதில் ஒரு துண்டை நசுக்கி, தண்ணீரில் கலக்கி, சிரிஞ்சில் இழுத்து, அதிலிருந்து இத்தனை மில்லி என்று கொடுப்போம். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பொடி தங்கியே இருக்கும். குழந்தைக்குள் போனது எவ்வளவு, கிண்ணத்தில் நின்றது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

தேன்மொழி

இங்கே எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மகளுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய். லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை. தினமும் ராத்திரி மெர்காப்டோப்யூரின், ஒரு நாள் முழு மாத்திரை, மறுநாள் அரை மாத்திரை, உடைக்கும்போது தூள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட். நாள்காட்டியில் முழு மாத்திரைக்கு வட்டம், அரை மாத்திரைக்குக் கோடு என்று போட்டுவைத்திருந்தேன், அந்த நாள்காட்டிகளை இன்னும் எறியவில்லை.

அந்த மருந்துகள் எதுவுமே புதிது கிடையாது. மெர்காப்டோப்யூரின் 1950களில் வந்தது. அப்போது இந்த நோய் வந்த குழந்தைகளில் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை. இப்போது நல்ல வசதியுள்ள நாடுகளில் 100க்கு 90 குழந்தைகள் பிழைக்கிறார்கள். நடுவில் புது மருந்துகளும் சில வந்தன, ஆனால் பெரிய வித்தியாசம் வந்தது பழைய மருந்துகளை எந்த வரிசையில், எவ்வளவு, எத்தனை மாதம் கொடுப்பது என்று மருத்துவமனைகள் கூட்டாகச் சேர்ந்து, பெரும்பாலும் அரசு உதவியில், ஒரு சோதனை முடிந்ததும் அடுத்தது என்று நாற்பது ஐம்பது வருடம் தொடர்ந்து செய்ததால்தான் என்று எங்கள் மருத்துவர் சொன்னார், அப்புறம் நானும் தேடித் தேடிப் படித்தேன்.

மருந்தாளர் சாரிடம் ஒரே ஒரு கேள்வி. முன்பெல்லாம் இந்தக் குழந்தைகளுக்குத் தலைக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். பிழைப்பார்கள், ஆனால் சிலருக்குப் படிப்பு ஏறாது, உயரம் வராது. அது இல்லாமலே குணமாகுமா என்று சோதித்துப் பார்த்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனில், ஆபத்து குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஒரு சுற்று தீவிர மருந்தையே விட்டுவிடலாம் என்று சோதித்துக் காட்டினார்கள். மருந்தைக் குறைத்தால் போதுமா என்கிற கேள்விக்கு எந்த நிறுவனம் பணம் கட்டும்?

மருந்தாளர்

கட்டாது. அம்மா, இதற்கு நான் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல விரும்பவில்லை. குறைவாக விற்கச் சொல்கிற சோதனையை எங்கள் துறை செய்யாது, அதற்கு அரசுப் பணம் வேண்டும்தான். ஆனாலும் பொருளாகக் கைக்கு வர வேண்டியவற்றை நிறுவனங்கள்தான் நன்றாகச் செய்யும் என்பதில் மாறவில்லை. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பூசியைப் பாருங்கள். டெல்லி எய்ம்ஸில் எம்.கே. பான் குழு 1980களில், நோயே வராமல் வைரஸை மட்டும் சுமந்த பச்சிளங்குழந்தைகளிடமிருந்து அந்த வகையைப் பிரித்தெடுத்தது. அதை மருந்தாக்கி டோஸ் ஒரு டாலருக்குத் தருகிறோம் என்று சொன்னது ஒரு தனியார் நிறுவனம். 2016இல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

வெயிலோன்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மருந்தாளர் சொன்ன கதையிலேயே முதல் முப்பது வருடம் பணம் போட்டது யார்? இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்க அரசு நிறுவனமும் கூடவே இருந்தன. குழந்தைகளின் மலத்தில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்த அன்றைக்கு, இது முப்பது வருடம் கழித்துத் தடுப்பூசி ஆகும் என்று எந்த முதலீட்டாளரிடம் போய்ச் சொல்ல முடியும்?

கணக்கருக்கும் ஒன்று. கங்காரு முறையை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைப்பது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது, எல்லோருக்கும் தெரியும், துணி ஒன்று போதும். ஆனால் குழந்தையின் மூச்சும் சூடும் சீரான பிறகுதான் கட்டிவைக்க வேண்டும் என்று சொல்லிவந்தார்கள். காத்திருக்காமல் பிறந்த உடனே கட்டிவைத்தால் என்ன என்று ஐந்து நாடுகளில் 3,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். முதல் 28 நாளில் இறப்பு 100க்கு 15.7இலிருந்து 12ஆகக் குறைந்தது. தெரிந்த விஷயத்துக்குள்ளேயே தெரியாதது உட்கார்ந்திருந்தது.

கணக்கர்

அந்தக் கங்காரு ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கேட்ஸ் அறக்கட்டளை, அரசு இல்லை. என் பக்கம்தான் வலுக்கிறது.

வெயிலோன்

உண்மைதான், அறக்கட்டளைப் பணம். கொடுக்க மனம் இருக்கிற வரை நல்லது. எது முக்கியம் என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள், நாளைக்கு வேறொன்று முக்கியம் என்று தோன்றினால் நாம் கேள்வி கேட்க முடியாது. அரசிடம் கேட்கலாம், இப்போது நீங்கள் 100 கோடி டாலருக்குக் கணக்குக் கேட்கிற மாதிரி.

இரவுப்பணி

கணக்கர் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தார், அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உகாண்டா, கென்யா, டான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,100 குழந்தைகளிடம் ஒரு சோதனை, பணம் பிரிட்டன் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அப்படி வரும் குழந்தைக்கு நரம்பில் வேகமாக நிறையத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம். ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்தில் 100க்கு ஏறக்குறைய 10.5 பேர் இறந்தார்கள், வேகமாக ஏற்றாத குழந்தைகளில் 7.3. சோதனையைப் பாதியிலேயே நிறுத்தி 2011இல் வெளியிட்டார்கள். கணக்கர் சொன்ன வழியில் போயிருந்தால், நல்ல மனதோடு இன்னும் நிறைய ஊருக்கு இன்னும் நிறைய திரவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்போம்.

கணக்கர்

இதை நான் கேள்விப்பட்டதில்லை. போய்ப் படித்துவிட்டு வந்தேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. பத்து வருடம் நிறுத்த வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் மூன்று விஷயத்தில் அசையமாட்டேன். அரசுப் பணத்தில் நடக்கிற ஒவ்வோர் ஆய்வும், முடிவு எப்படி வந்தாலும், வெளியே வர வேண்டும், அப்புறம் அதை வார்டுக்குக் கொண்டுபோகிற செலவும் அதே ஒதுக்கீட்டிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு 22 வருடம்தான். அப்புறம் அந்த ஒரு லட்சம் குழந்தைகள், 21 வருடம் மாதிரியான பிரம்மாண்டம் வேண்டவே வேண்டாம். கேள்வி என்னவென்று தெளிவாகாமல் குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தேன்மொழி

முதல் இரண்டையும் நான் கைகூப்பி ஏற்கிறேன் கணக்கர் சார். கடைசியில் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை யோசியுங்கள்.

என் மகளுக்கு இப்போது 14 வயது. சிகிச்சை முடிந்து எட்டு வருடம் ஆகப்போகிறது. அவளுக்குக் கொடுத்த மருந்துகளில் சிவப்பு நிறத்தில் ஒன்று உண்டு, அந்த வகை மருந்து இதயத் தசையைப் பலவீனமாக்கலாம், அதுவும் உடனே தெரியாமல் இருபது முப்பது வருடம் கழித்துக்கூட வெளிப்படலாம். இது எப்படித் தெரிந்தது என்றால், சிறு வயதில் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களை அமெரிக்க அரசுப் பணத்தில் 1994இலிருந்து இன்றுவரை விடாமல் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் அவளுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எங்கள் மருத்துவர் தேதி குறித்துக் கொடுக்கிறார். போன மாதம் எடுத்தோம், நன்றாக இருக்கிறது. அடுத்தது எப்போது என்று கேட்டேன், இவளுக்கு 40 வயது ஆகும் வரை விடாமல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.