தினம் 28 கிமீ ஆபீஸ் போய்வர எலெக்ட்ரிக் சைக்கிள்: ஹப் மோட்டாரா, மிட் டிரைவா?

மூணாவதுமாடி:
வணக்கம். ரெண்டு மாசமா தேடித்தேடி தலை சுத்துது, யாராச்சும் சொல்லுங்க. ஆபீஸ் ஒரு வழி 14 கிமீ, நடுவுல ஒரு நீளமான மேம்பாலம், மத்ததெல்லாம் சமதளம். வீடு மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, சைக்கிள கீழதான் நிறுத்தணும். ரெண்டு மாடல்ல வந்து நிக்கிறேன். ஒண்ணு பின் சக்கரத்துல ஹப் மோட்டார், 36 வோல்ட் 7.8 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி, ஃப்ரேமுக்குள்ளயே இருக்கு, வெளிய எடுக்க முடியாது, ஆனா பாக்க அம்சமா இருக்கு, 50 கிமீ ரேஞ்ச்னு போட்டிருக்கான். இன்னொண்ணு மிட் டிரைவ், அதாவது மோட்டார் பெடல்கிட்ட நடுவுல இருக்கும், 36 வோல்ட் 14 ஏஹெச், பேட்டரிய கழட்டலாம், ஆனா வண்டி 24 கிலோ, விலை கிட்டத்தட்ட டபுள். ரெண்டுமே 250 வாட்தானே, அப்புறம் எதுக்கு டபுள்?

செயின்கிரீஸ்:
வாட்ட விடுங்க ப்ரோ. நிறைய ஊர்ல சட்டமே 250 வாட், 25 கிமீ வேகம்னு வச்சிருக்கு, அதனால எல்லாரும் அதேதான் போடுவாங்க. வோல்ட்டையும் ஏஹெச்சையும் பெருக்கிப் பாருங்க, பேட்டரில எவ்ளோ கரண்ட் நிக்கும்னு வாட் அவர் கணக்குல வரும், மொதல் வண்டி 280 வாட் அவர், ரெண்டாவது 504. நாமளும் மிதிச்சு மோட்டாரும் தள்ளுனா கிமீக்கு 10லருந்து 12 வாட் அவர் போகும், சும்மா த்ராட்டில முறுக்கிட்டு உக்காந்திருந்தா 18 கூட ஆகும். உங்க 28 கிமீக்கு 12னு வச்சாலே 336 வேணும், அந்த அழகான வண்டி சாயங்காலம் வீட்டுக்கு கொஞ்சம் முன்னாடி படுத்துரும். 50 கிமீங்கறது கம்மி அசிஸ்ட்ல (மோட்டார் கொஞ்சமா தள்ளுற செட்டிங்), ஒல்லியான ஆளு, காத்தே இல்லாத ரோட்டுல ஓட்டுன கணக்கு. பேட்டரியும் சில நூறு தடவ சார்ஜ் ஏறி இறங்குனப்புறம் 80 சதவீதத்துக்கு வந்துரும், குளிர்ல இன்னும் கம்மி. அதான் புதுசுல இழுத்துப் புடிச்சு பத்துற பேட்டரிய வாங்கவே கூடாது.

அத விட பெரிய விஷயம், மூணாவது மாடி! கழட்ட முடியாத பேட்டரினா தினம் மொத்த சைக்கிளையும் தூக்கிட்டு ஏறுவீங்களா, இல்ல ஜன்னல் வழியா வயர் விடுவீங்களா? 500 வாட் அவர் பேட்டரி மட்டும்னா மூணு கிலோ சுமாருக்குதான் வரும், பையில போட்டுட்டு ஏறிரலாம்.

பஞ்சர்பாண்டி:
மேல சொன்னவர் பேட்டரி விஷயத்துல சொன்னது கரெக்ட், ஆனா அதுக்காக மிட் டிரைவ்தான்னு முடிவு பண்ணிராதீங்க. ஒரே ஒரு மேம்பாலத்துக்கு அது தேவையான்னு எனக்கு டவுட்டு. மிட் டிரைவோட பலமே கியர் வழியா தள்ளுறதுதான், சின்ன கியர் போட்டா மலையே ஏறும், ஆனா அந்த மொத்த பலமும் செயின்லயும் பல்சக்கரத்துலயும்தான் போகுது, சீக்கிரம் தேயும், அழுத்தி மிதிச்சுக்கிட்டே கியர் மாத்துனா சில நேரம் செயினே அறுந்துரும். ஹப் மோட்டார்ல செயின் அறுந்தாகூட த்ராட்டில் இருந்தா வீடு வந்து சேரலாம்.

ஹப்போட தலைவலி பஞ்சர்தான். பின் சக்கரத்த கழட்ட மோட்டார் வயர பிரிக்கணும், பெரிய நட்டு ரெண்டு, பெரும்பாலும் 18 நம்பர் ஸ்பானர், உள்ள ஒரு டார்க் வாஷர் இருக்கும், அத மறந்துட்டு மாட்டுனா அச்சே சுத்தி வயர முறுக்கிரும் (எனக்கு நடந்திருக்கு, மழையில, ஃபார்மல் பேண்ட்ல). அதுனால டயர் நல்ல பஞ்சர் தாங்குறதா போட்டுக்கோங்க.

என் ஓட்டு மூணாவது வகைக்கு: ஹப் மோட்டார், கழட்டுற பேட்டரி 400 வாட் அவருக்கு மேல, டார்க் சென்சார். இந்த சென்சார் விஷயத்த யாரும் கேக்கறதே இல்ல. கேடன்ஸ் சென்சார்னா பெடல் சுத்துனதா இல்லையான்னு மட்டும்தான் பாக்கும், சிக்னல்ல கிளம்பும்போது ஒண்ணும் நடக்காது, அரை சுத்துக்கு அப்புறம் பின்னாலருந்து யாரோ தள்ளுன மாதிரி தூக்கிட்டுப் போகும். டார்க் சென்சார் நீங்க எவ்ளோ அழுத்துறீங்களோ அவ்ளோ குடுக்கும். நெரிசல்ல ஓட்டுறவங்களுக்கு இதுதான் முக்கியம்.

மூணாவதுமாடி:
ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். ஜன்னல் வழியா வயர்னதும் என் வீட்டுக்காரி சிரிச்சே செத்துட்டா, ஏன்னா நான் நெஜமாவே அந்த பிளான்லதான் இருந்தேன். ஆபீஸ்ல சார்ஜ் போட விட்டா சின்ன பேட்டரி ஓகேவா?

செயின்கிரீஸ்:
ஓகேதான், 14 கிமீக்கு 170 வாட் அவர் போதும். ஆனா அங்கயும் பேட்டரி கழண்டாதான உள்ள எடுத்துட்டுப் போவீங்க. இன்னொண்ணு, டெஸ்ட் ரைடு போனா மோட்டார ஆஃப் பண்ணிட்டு ஒரு கிமீ மிதிச்சுப் பாருங்க. சார்ஜ் தீர்ந்த அன்னிக்கு அதான் உங்க வண்டி.

மூணாவதுமாடி:
இன்னிக்கு ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன். 24 கிலோ வண்டிய மோட்டார் இல்லாம மேம்பாலத்துல விட்டேன், பாதியில இறங்கி தள்ளுனேன், பக்கத்துல ஒரு ஸ்கூல் பையன் சாதா சைக்கிள்ல தாண்டிப் போனான். பாண்டி அண்ணா சொன்ன மாதிரி கழட்டுற பேட்டரி ஹப் ஒண்ணு 18 கிலோல இருக்கு, 36 வோல்ட் 12 ஏஹெச், டார்க் சென்சாரும் இருக்கு. சனிக்கிழம அதே பாலத்துல அத ஏத்திப் பாத்துட்டு சொல்றேன்.