கொழுப்பைக் குறைக்கும் சாப்பாடு: கையைக் கடிக்காமல் முடியுமா?

தேக்கா_மணி:
சால்மன், ஆலிவ் எண்ணெய், பாதாம், அவகாடோ. கெட்ட கொழுப்பைக் குறைக்க இதெல்லாம் வேண்டும் என்று ஒரு பட்டியல் சிங்கப்பூரில் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அதைப் பார்த்ததும் "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லாமல் எல்டிஎல் என்ற அந்தக் கெட்ட கொழுப்பை இறக்க முடியும் என்பது என் வாதம்.

செய்ய வேண்டியது முக்கியமாக இரண்டு. தேங்காய், பாமாயில், ஆட்டிறைச்சி போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரில் கரையும் நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். அந்த நார் குடலில் கொழகொழவென்று ஆகிப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. கல்லீரல் புதுப் பித்தம் சுரக்க இரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற அத்தகைய நார் நாளுக்கு 3 கிராம் உள்ளே போனால் எல்டிஎல் சுமார் 5 முதல் 7 சதவீதம் இறங்கும். அதற்கு வேகாத ஓட்ஸ் ஏறக்குறைய 75 கிராம் தேவை. பேரங்காடியின் சொந்த முத்திரை ஓட்ஸே போதும். ஓட்ஸ், சர்க்கரை, பால்மா மூன்றும் கலந்த சின்னச் சின்னப் பொட்டலங்களை வாங்காதீர்கள், அவற்றில் ஓட்ஸைவிடச் சர்க்கரையும் பால்மாவும்தான் துருத்திக்கொண்டு இருக்கும்.

அடுத்தது பருப்பு. நாளுக்கு 130 கிராம் வெந்த பருப்போ கடலையோ சாப்பிட்டால் எல்டிஎல் 5 சதவீதம் அளவுக்குக் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. உலர்ந்த பருப்பாக அது ஆளுக்கு 50 கிராம். மைசூர்ப் பருப்பு, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, எது அந்த வாரம் மலிவோ அது.

ஈசூன்_செல்வி:
கணக்கு சரிதான் மணி அண்ணே. ஆனால் யாருக்குச் சொல்கிறீர்கள்? கையில் பணம் இல்லாதவருக்குப் பெரும்பாலும் நேரமும் இருப்பதில்லை. இரண்டு வேலை பார்ப்பவர் 75 கிராம் ஓட்ஸை நிறுத்து, பருப்பை வேகவைத்துக்கொண்டா இருப்பார்? காலையில் காப்பிக்கடை, மதியம் உணவங்காடி நிலையம், இரவு பொட்டலம். தங்குவிடுதித் தொழிலாளிக்கு மூன்று வேளையும் கேட்டரிங் சோறு. அதில் சாம்பார் என்று வருவதில் 50 கிராம் பருப்பு எங்கே இருக்கிறது? உங்கள் யோசனை வீட்டில் அடுப்பும் ஆளும் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் உதவும்.

இன்னொன்று. "ஓட்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றால் நம்மவர்கள் நிஜமாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். காலையில் ஓட்ஸ், அதோடு வழக்கமான இரண்டு பிராட்டா. ஓட்ஸ் எதற்குப் பதிலாக என்று சொல்லாவிட்டால் எடைதான் ஏறும். எடை ஏறினால் இரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடும் கூடவே ஏறும்.

தேக்கா_மணி:
செல்வி சொல்லும் இரண்டாவது விஷயத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஓட்ஸ் வரும் இடத்தில் பிராட்டாவோ சோறோ போக வேண்டும்.

நேரம் இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஓட்ஸுக்கு அடுப்பே வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் 40 கிராம் ஓட்ஸ், அது முழுக மூழ்கும் அளவு சர்க்கரையில்லாத சோயா பால், இரவில் குளிர்பெட்டியில் ஊறினால் காலையில் தயார். குளிர்பெட்டி இல்லையென்றால் காலையில் சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மிச்ச 35 கிராமை மாலையில் மோரிலோ ரசத்திலோ போட்டுக் குடிக்கலாம். உப்புமா செய்கிறவர்கள் ஓட்ஸை முதலில் வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துவிட்டு, ஒரு கப்புக்கு அரை கப்புக்கு மேல் தண்ணீர் விடாதீர்கள், தெளித்துத் தெளித்துக் கிளறுங்கள். கூழாகிப்போய் வீட்டில் யாரும் தொடாமல் விடுவதற்குக் காரணம் தண்ணீர்தான்.

நல்லதம்பி_65:
எல்லாம் சரி தம்பி, ஆனா தேங்காயை மட்டும் குறை சொல்லாதீங்க. நம்ம தாத்தா பாட்டியெல்லாம் தேங்காய்ப்பால்ல ஆப்பம், சொதின்னு சாப்பிட்டவங்க. ஆலையில செஞ்ச எண்ணெய் வந்த பிறகுதான் இந்த நோயெல்லாம். தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைக் கூட்டுதுன்னு டாக்டர்களே சொல்றாங்களே?

தேக்கா_மணி:
ஐயா, நல்ல கொழுப்பு கூடுவது உண்மை. கெட்டதும் சேர்ந்தே கூடுகிறது. இங்கேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் பல சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். கனோலா, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை லிட்டருக்கு ஏறக்குறைய 0.27 மில்லிமோல் கூட்டுகிறது, நல்ல கொழுப்பான எச்டிஎல்லை 0.1 அளவு கூட்டுகிறது.

பாட்டி காலத்தில் தேங்காய் தினமும் துருவ வேண்டியிருந்தது, இப்போது 200 மில்லி பெட்டியைக் கத்தரித்து ஊற்றுகிறோம். அந்தப் பெட்டியில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 30 கிராம், க்ரீம் என்று எழுதியிருந்தால் இன்னும் கூட. கொழுப்பைக் குறைக்க நினைப்பவருக்கு நாளின் மொத்த அளவே 15 கிராம்தான் (2000 கலோரி சாப்பிடுபவருக்கு). நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு பெட்டிக் குழம்பிலேயே ஆளுக்குப் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

தேங்காயைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை ஐயா. சொதி வாரம் ஒருநாள் இருக்கட்டும். தினக் குழம்புக்குக் கெட்டி வேண்டுமென்றால் இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையை அரைத்து ஊற்றுங்கள். கடைசியில் சேர்த்துக் கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும், அதிகம் கொதித்தால் அடியில் ஒட்டும்.

நல்லதம்பி_65:
சரி, குழம்பை விடுங்க. எண்ணெய்க்கு என்ன பண்றது? ஐந்து லிட்டர் டின்தான் மலிவு. கனோலா வாங்கினா மாசம் என்னாகிறது?

வாணி_பிடோக்:
ஐயா, நான் இதில் குறுக்கே வருகிறேன். மலிவு டின்னில் "தாவர எண்ணெய்" என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பாமாயில். பின்பக்கச் சேர்மானப் பட்டியலில் பாம் ஓலின் (அதுவும் பாமாயில்தான்) முதலில் வருகிறதா பாருங்கள். அதில் 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. சோயாவில் 15, கனோலாவில் 7. ஆலிவ் எண்ணெய் தேவையே இல்லை.

ஒரு ஆளுக்கு நாளுக்கு 25 மில்லி, அதாவது ஐந்து தேக்கரண்டி தாராளம். நாலு பேருக்கு மாதம் 3 லிட்டர். ஐந்து லிட்டர் செலவாகிறது என்றால் பொரிப்பதுதான் காரணம். பொரிப்பதை வாரம் ஒரு நாளாக்கி 3 லிட்டர் சோயா வாங்கினால் ஐந்து லிட்டர் டின்னின் செலவைப் பெரிதாகத் தாண்டாது. அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கு என்று ஒதுக்கிய பகுதியை எண்ணெய், ஓட்ஸ் போன்ற கெடாத சாமான்களுக்கு வைத்துக்கொண்டால் மாதாந்தரக் கணக்கு இன்னும் இலகுவாகும்.

செல்வி கேட்ட வெளிச்சாப்பாட்டுக்கு வருகிறேன். பிராட்டாவுக்குப் பதில் சாதாத் தோசை அல்லது நெய், மார்ஜரின் தடவாத சப்பாத்தி, பருப்புக்கறி இரண்டாவது தடவை கேளுங்கள். கலந்த சோற்றுக்கடையில் ஒரு தௌக்வா (கெட்டியான சோயாக் கட்டி), ஒரு கீரை, ஒரு மீன் எடுத்துக்கொண்டு, "குழம்பு ஊற்ற வேண்டாம்" என்று தட்டை நீட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். அள்ளிய கை தானாக ஊற்றிவிடும், பிறகு பயனில்லை. மேலே மிதக்கும் அந்தச் சிவப்பு எண்ணெயில்தான் பாதிப் பிரச்சினை. மீன் பீஹூன் (அரிசி நூடுல்ஸ்) சூப்பில் பால் சேர்க்க வேண்டாம் என்று சொல்லலாம். கோப்பி, தேயில் ஊற்றும் இனிப்புப் பால் பல கடைகளில் பாமாயிலில் செய்த க்ரீமர். நாளுக்கு மூன்று டம்ளர் குடிப்பவர் பால் சேர்க்காத கோப்பி ஓவுக்கு மாறினாலே வித்தியாசம் உண்டு, காசும் மிச்சம்.

ஈசூன்_செல்வி:
வாணி அக்கா, இதுதான் எடுபடும் பேச்சு. முட்டை, இறால், மீன் பற்றியும் சொல்லுங்கள். சந்தையில் இறாலைப் பார்த்தாலே பயந்து ஓடுகிறார்கள்.

வாணி_பிடோக்:
இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. பெரும்பாலானோருக்கு இரத்தக் கொழுப்பை அதிகம் ஏற்றுவது பின்னது. ஆகவே சம்பாலில் மிதக்காத இறால் பெரிய குற்றவாளி இல்லை. முட்டை நாளுக்கு ஒன்று பலருக்கும் ஒத்துவரும். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மீனில் சால்மன்தான் வேண்டும் என்பதில்லை, ஈரச்சந்தையில் கெம்போங் என்று விற்கும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா 3 இருக்கிறது. அது ட்ரைகிளிசரைடைத்தான் இறக்கும், எல்டிஎல்லை அல்ல. ஆட்டிறைச்சிக்குப் பதிலாக வந்தால் எல்டிஎல்லுக்கும் நல்லது.

ஓட்ஸைப் போலவே பீட்டா குளுக்கான் உள்ள பார்லியை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சீனக் கடைகளில் பார்லி என்று இரண்டு தானியம் இருக்கும். பெரிதாக, வெள்ளையாக, நடுவே அகலமான பள்ளத்தோடு இருப்பது சீன பார்லி. அது வேறு செடி, பீட்டா குளுக்கான் அதில் இல்லை. சிறியதாக, மெல்லிய கோடு உள்ளதை எடுங்கள். தண்ணீரை மட்டும் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு தானியத்தை வீசாமல், சோற்றோடு மூன்றில் ஒரு பங்காக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஜூரோங்_கதிர்:
எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம். ஓட்ஸ், பருப்பு, எண்ணெய் மாற்றம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் வீட்டுச் சூழலில் 10 முதல் 15 சதவீதம் இறங்கும். எல்டிஎல் 4.0 (லிட்டருக்கு மில்லிமோல்) இருப்பவருக்கு அது 3.4 முதல் 3.6 வரை. வேறு ஆபத்து இல்லாதவருக்குப் பரவாயில்லை. சர்க்கரை நோயாளிக்கு இலக்கு பொதுவாக 2.6க்குக் கீழே, ஆபத்து கூடுதலானால் இன்னும் கீழே, மாரடைப்பு வந்தவருக்கு அதைவிடவும் கீழே. அவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைதான் மலிவு. காப்புரிமை முடிந்த மாத்திரை, பலதுறை மருந்தகத்தில் மானியத்தோடு கிடைக்கிறது, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பையும் பயன்படுத்தலாம். 30 முதல் 50 சதவீதம் இறக்கும். 4.9க்கு மேல் இருந்து, குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அது பரம்பரையாக இருக்கலாம். அவரை ஓட்ஸ் சாப்பிட்டுப் பார் என்று அனுப்புவது ஆபத்து.

ஈசூன்_செல்வி:
கதிர், உங்கள் மெடிசேவ் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கிடையாது. மானியமும் கிடையாது. மாத்திரை தேவைப்படுகிறவர் எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அவருக்கும் சாப்பாடு மாறினால்தான் குறைந்த அளவு மாத்திரையில் நிற்கலாம்.

தேக்கா_மணி:
கதிர் சொன்ன எல்லைகள் சரி, அவற்றை மறுக்கவில்லை. அடுப்பில்லாதவருக்கு ஒன்று விட்டுப்போனது: இசப்கோல், தண்ணீரில் கரையும் நார் நிறைந்த ஒரு விதையின் உமி. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கிடைக்கும். உமியாக ஒரு மேசைக்கரண்டி சுமார் 5 கிராம், காலை ஒன்று மாலை ஒன்று. முதல் வாரம் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள், எடுத்ததும் முழு அளவு போட்டால் வயிறு உப்பிப் பலரும் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். 250 மில்லி தண்ணீரில் கலக்கியதும் உடனே குடிக்க வேண்டும். இரண்டு நிமிடம் வைத்தால் களியாகித் தொண்டையில் அடைக்கும். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், குடலடைப்பு வந்தவர்கள் தொடக்கூடாது.

ஜூரோங்_கதிர்:
மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இசப்கோலுக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் மருந்தையும் அது பிடித்துக்கொள்ளும். உணவை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி இரத்தம் எடுத்துப் பாருங்கள். அதற்குமுன் எடுத்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது.